கோகிலவாணிக்கு நான் போட்ட மார்க்

ஜூன் 2, திங்கள்

மிக்ஸி மறுபடியும் நின்றுவிட்டது. போன வாரம்தான் அந்த ரிப்பேர்க்காரன் வந்து, "இனி பத்து வருசத்துக்குத் தொட வேண்டியதில்லீங்" என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த ஈரோட்டில் எவனுக்கும் தன் தொழில் தெரியாது. தெரியவில்லையே என்ற வெட்கமும் கிடையாது.

மத்தியானம் ஒரு பெரிய கார் தெருவையே அடைத்துக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவர் எம்.கே. சுந்தரமூர்த்தி. பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிறாராம். மாடி ஏறி வந்து, என் வீட்டு நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம் மியூசிக் காலேஜ்ல லெக்சரரா இருந்து ரிட்டயர் ஆனீங்க, இன்னமும் பரிச்சைக்கு மார்க் போடப் போறீங்கன்னு சொன்னாங்க. எஞ்சம்சாரம் கோகிலவாணி ரெண்டு வருசமா பாட்டு கிளாசுக்குப் போனாளுங்க. செவ்வா, வெள்ளி. கார்ல கொண்டு போயி விட்டு, கூட்டிட்டு வர்றது. தீவாளிக்கு ஆளுங்க வந்திருந்தப்ப ஒரு பாட்டுப் பாடுன்னா தொண்டை கட்டிக்கிச்சுங்கறா. பொங்கலுக்கும் தொண்டை கட்டிக்கிச்சுங்கறா. அடிப்படையாவது தெரியுதான்னு நீங்க ஒரு பரிச்சை வெச்சு, எழுத்துல குடுத்துடுங்க."

சொல்லிக்கொடுத்த டீச்சரையே கேட்கலாமே என்றேன். அந்தப் பெண் கல்யாணமாகி துபாய் போய்விட்டதாம். "எங்க மாமனாரும் இதையேதானுங்க கேட்டுட்டு இருக்காரு" என்றார். கட்டிக்கொடுத்த மகளின் சங்கீத ஞானத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் ஒரு அப்பா இந்த ஊரில் இருக்கிறாரா என்று சற்று வியந்தேன்.

"உங்கள விட்டா இந்தப் பக்கம் வேற ஆள் இல்லீங்க" என்றார். அது உண்மை. ஆகவே ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

பெருந்துறை ரோட்டில் அந்த வீடு. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வீணை வைத்திருக்கிறார்கள். தந்தி கிடையாது. மேலே தங்கக் கலர் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த உடனேயே திரும்பியிருக்க வேண்டும்.

கோகிலவாணிக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று இருக்கும். காலை பதினொரு மணிக்குப் பட்டுப்புடவை. பெயரைக் கேட்டால் குயில் வந்து உட்காரும். வாயைத் திறந்தால் காக்காய்கூட எழுந்து போய்விடும். கணவர் பத்து நிமிஷம் சோபாவில் இருந்தார். போன் வந்தது, குடோனுக்குப் போய்விட்டார்.

என் முறை எப்போதும் ஒன்றுதான். முதல் நாள் வாய்மொழி. அடுத்தது தாளம். கடைசியில் பாட்டு. ஏழு ஸ்வரங்களின் முழுப் பெயரைக் கேட்டேன். "ச, ரி, க, ம, ப, த, நி" என்றாள். அது தெருவில் போகிற ஆட்டோக்காரனுக்கும் தெரியும், பெயரைச் சொல்லு என்றேன். மேலே பார்த்தாள். ராகம் என்றால் என்ன? "பாட்டோட மெட்டுங்." தாய் ராகங்கள் எத்தனை? "ஏழுங்களா?" எழுபத்திரண்டு. ஏழு என்ற எண்ணாவது அதில் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

"சரி, உன் சுருதி எத்தனை கட்டை?"

இது தெரியாதவள் எவளும் கிடையாது. முதல் நாள் டீச்சர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். பெண்கள் அநேகமாக ஐந்து, ஐந்தரை என்பார்கள். குரல் கனமாக இருந்தால் நாலரை.

"பத்துங் டீச்சர்" என்றாள்.

கட்டை ஏழோடு முடிந்துவிடும். பத்தில் பாட மனுஷப் பிறவியால் ஆகாது. நான் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருஷ சர்வீசில் எத்தனையோ மண்டுகளைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் மண்டுகளாக இருந்தாலும் வகுப்பில் உட்கார்ந்த மண்டுகள். இவள் ஒரு நாள்கூட உட்காரவில்லை. அதை அவளிடமே சொன்னேன்.

"நீ அந்த கிளாஸ் வாசலையே மிதிக்கலையேம்மா."

முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், பெயில் போட்டுடாதீங். உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறனுங்" என்றாள். நான் ஒரு அமைச்சரின் அக்கா மகளுக்கே பெயில் போட்டவள். கருணை மார்க் என்ற ஒன்று என் பேனாவில் கிடையாது.

திரும்பி வந்த கணவர், "எப்படிங்க மேடம்?" என்றார். பாதிப் பரீட்சையில் முடிவு சொல்வது என் வழக்கம் இல்லை, மூன்று பகுதியும் முடியட்டும் என்றேன். "அப்ப மிச்சத்த எம்முன்னாடியே வெச்சுருங்க. இருபத்திரண்டாந் தேதி ஞாயித்துக்கிழமை. மாமனாரையும் வரச் சொல்றேன். விசயம் தெரிஞ்ச ஆளு ஒருத்தரையும் கூப்பிட்டுக்கறேன்" என்றார். என்னை விட விஷயம் தெரிந்த ஆள்! போகட்டும்.

ஜூன் 7, சனி

சிலிண்டர்க்காரன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. சமையல்கார அக்காவின் போனிலிருந்து கோகிலவாணி. அவளுடைய போனை வீட்டுக்காரர் தினமும் வாங்கிப் பார்ப்பாராம்.

கேட்காமலே கொட்டிவிட்டாள். யாழினி என்று ஒரு தங்கை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தன்னோடு வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். "நம்ம சனம் இல்லீங் டீச்சர். அப்பா தலை முழுகிட்டாருங். கையில கெடச்சா ரெண்டு பேரையும் முடிச்சிருவேன்னு கோயில்ல வெச்சு சத்தியம் பண்ணியிருக்காரு. இன்னமும் ஆள் விட்டுத் தேடிட்டுத்தானுங் இருக்காரு. எங்கூட்டுக்காரரும் அதுக்கு உடந்தைங்."

அவர்கள் ஊரெல்லாம் தேட, இவர்கள் இதே ஈரோட்டில், கருங்கல்பாளையத்தில் இருக்கிறார்கள். பாட்டு கிளாசுக்கு இரண்டு தெரு தள்ளி. கைக்குழந்தை. தங்கை காவேரி ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் அவள் புருஷனுக்குப் பகல் ஷிப்ட் என்பதால், அந்த இரண்டு நாளும் இவள் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். டிரைவர் கிளாஸ் வாசலில் விட்டுவிட்டுப் போன பிறகு இவள் சந்து வழியாக நடந்து போய்விடுவாள். துபாய் போன டீச்சருக்கு எல்லாம் தெரியும்.

"கிளாசுக்கே போகலைன்னு தெரிஞ்சா, பொறகு எங்கடி போனேன்னு கேப்பாங். அடிச்சா நான் சொல்லிருவேன் டீச்சர். எனக்கு அடி தாங்காதுங்."

இதை என்னிடம் ஏன் சொல்கிறாய் என்று கேட்டேன். ஸ்வரத்துக்குத்தான் நான் பரிசோதகர், குடும்பத்துக்கு இல்லை. போனை வைத்துவிட்டேன். அதற்குள் சிலிண்டர்க்காரன் போயே போய்விட்டான்.

ஜூன் 8, ஞாயிறு

சிலிண்டர் வந்தது. வேறு ஒன்றும் இல்லை. தூக்கம் சரியில்லை.

ஜூன் 10, செவ்வாய்

சர்க்கரைப் பரிசோதனை செய்து நாளாகிவிட்டது. தெருமுனையிலேயே ஒரு லேப் இருக்கிறது, ஆனால் அந்தப் பையன் ஊசியைக் கடப்பாரை மாதிரி பிடிக்கிறான். அதனால் ஆட்டோ பிடித்துக் காவேரி ரோட்டுக்குப் போனேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ரத்தம் எடுத்த பெண்ணின் சட்டையில் யாழினி என்று பேட்ஜ் இருந்தது. ஒல்லியாக இருந்தாள். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் திரும்பிப் பார்த்தாள். ஊசி போட்டது தெரியவே இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். என் காலடியில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தால், மேஜைக்கு அடியில் துணி போடுகிற பிளாஸ்டிக் கூடை, அதற்குள் ஒரு குழந்தை. ஈரமான ரஸ்க்கைச் சப்பிக்கொண்டு என் புடவைக் கரையைப் பிடித்து இழுத்தது.

"செவ்வாக்கிழமை பாத்துக்க ஆளு வரலீங்கம்மா. மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றாள்.

ரத்தமும் மூத்திரமும் புழங்குகிற இடத்தில் குழந்தை. என்ன லேப் இது, சுகாதாரம் என்பதே இல்லை. சொல்லவில்லை என்று சொன்னேன். சர்க்கரை ஏறியிருக்கிறது.

ஜூன் 11, புதன்

சமையல்கார அக்காவின் நம்பருக்கு நானே போன் செய்தேன். கோகிலவாணியைக் கூப்பிடச் சொன்னேன்.

ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். நான் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை. இருபத்திரண்டாம் தேதி என்னென்ன கேட்பேன் என்று வாசித்துக் காட்டினேன். கேள்வி புரியாவிட்டால் விளக்குவது எந்தப் பரீட்சையிலும் உண்டு. அவளுக்குக் கேள்வி புரியவில்லை. பதிலைச் சொன்னால்தான் கேள்வியே புரிகிற தரத்தில் இருக்கிறாள். அதனால் பதிலையும் சொன்னேன்.

"ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். சொல்லு."

"ஷட்ஜம், ரிஷபம்... டீச்சர், குக்கர் விசில் அடிக்குதுங், ஒரு நிமிசமுங்."

என் தலையெழுத்து.

ஜூன் 13, வெள்ளி

ச-வும் ப-வும் மாறாத ஸ்வரங்கள், மற்ற ஐந்தும் ஏறும் இறங்கும் என்று நாலு தடவை சொன்னேன். "ஏனுங் டீச்சர், அந்த ரெண்டு மட்டும் ஏன் மாறாதுங்?" என்று கேட்டாள். கேள்வி கேட்கிற நிலையிலா இருக்கிறாய் என்று ஒரு அதட்டுப் போட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பட்டயப் படிப்பு மாணவிகூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. எழுதி வைத்ததை ஒப்பித்துவிட்டுப் போன கழுதைகள்.

இவளும் கழுதைதான். மாயாமாளவகௌளை என்று சொல்ல வரவில்லை. "மாயமாளவ..." என்று தொடங்கி மூச்சு வாங்குகிறாள். ஆரம்பப் பாடம் எல்லாமே அந்த ராகத்தில்தான், அதைச் சொல்லத் தெரியாவிட்டால் எல்லாம் பாழ். இருபது தடவை சொல்ல வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூன் 16, திங்கள்

இன்று தாளம். போனில் தாளம் சொல்லிக்கொடுத்த முதல் பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன். திருத்துகிறேன்: சொல்லிக்கொடுக்கவில்லை, விளக்கினேன்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. அவ்வளவுதான். தட்டு தொடையில் விழுகிற ஓசை போனில் கேட்டது. முதலில் ஏழாக வந்தது, பிறகு ஒன்பதாக வந்தது. "உனக்குச் சோற்றுக்கு உப்புப் போடுகிற கணக்காவது தெரியுமா?" என்றேன். "அது நல்லாத் தெரியுமுங்" என்றாள் சந்தோஷமாக. திட்டினால்கூடத் திட்டு என்று தெரியவில்லை. அரை மணி கழித்து எட்டும் சரியாக விழுந்தது.

பாட்டுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றே சொல்லச் சொல்லிவிட்டேன். அந்தக் குரலை வெளியே எடுத்தால் துபாயில் இருக்கிற டீச்சரையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள்.

ஜூன் 19, வியாழன்

சுந்தரமூர்த்தி கூப்பிட்ட "விசயம் தெரிஞ்ச ஆளு" யார் என்று தெரிந்துவிட்டது. சிவஞானம். சபா செயலாளர், வயலின் வாத்தியார். அவர் வில்லை எடுத்தால் பால் திரியும். மிருதங்கக்காரர்கள் அவருக்கு வாசிக்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வதாகக் கேள்வி. என் இடத்துக்கு வர வேண்டும் என்று பதினைந்து வருஷமாக அலைகிற மனுஷன். என்னைக் கண்டால் மட்டும் "அம்மா, உங்க ஆசீர்வாதம்" என்று குழைவார்.

அவர் வருகிறார் என்று தெரிந்ததும் கேள்விகளை எடுத்து மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தேன். அவருக்குப் போயா!

ஜூன் 22, ஞாயிறு

எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

பத்து மணிக்குக் கார் அனுப்பினார்கள். சோபாவில் கணவர். பக்கத்தில் மாமனார்: வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, கையில் ஒரு விரல் விடாமல் மோதிரம். வணக்கம்கூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பாட்டு டீச்சர் எந்தத் தெருவுல கிளாஸ் வெச்சிருந்தா?" எனக்கு எப்படித் தெரியும் என்றேன். சிவஞானம் இன்னொரு நாற்காலியில், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு.

கோகிலவாணி பாயில் உட்கார்ந்தாள். உதடு காய்ந்திருந்தது. நான் வழக்கத்தைவிடக் கடுமையாகவே கேட்டேன்.

ஏழு பெயரும் சொன்னாள். மாறாத ஸ்வரம் இரண்டைச் சொன்னாள். தாய் ராகம் எழுபத்திரண்டு. சுருதி எத்தனை கட்டை? "அஞ்சரைங்." ஆரம்பப் பாடம் எந்த ராகம்? மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "மாயாமாளவகௌளைங்" என்று ஒரே தம்மில் சொல்லி முடித்தாள். கணவரின் முகம் கொஞ்சம் இளகியது. ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை. மாமனார் மட்டும் அசையவில்லை.

"பலே பலே" என்றார் சிவஞானம். "ஒரு ஆதி தாளம் போடச் சொல்லுங்க மேடம், பாப்போம்."

போடு என்றேன். தொடையில் தட்டினாள். பிறகு விரல் எண்ணத் தொடங்கினாள். ஆள்காட்டி விரலில்.

சுண்டு விரலில் தொடங்க வேண்டும். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். இது பாடமே இல்லை, யாரும் இதை வாயால் சொல்வதில்லை. நாலு வயசுக் குழந்தை டீச்சர் எதிரில் உட்கார்ந்ததும் அவள் கையைப் பார்த்துத் தானாகப் போடும். போனில் கையைப் பார்க்க முடியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவளும் கேட்கவில்லை. அறிவு கெட்ட ஜென்மம் என்று எழுத வந்தேன். யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

சிவஞானம் முன்னால் சாய்ந்தார். "ஏம்மா, எந்த விரல்ல எண்றே நீ? ரெண்டு வருசம் கிளாசுக்குப் போன பொண்ணு ஆள்காட்டி விரல்லயா ஆரம்பிக்கும்? மொத நாள், மொத பாடமுங்களே இது!" என்று கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

மாமனார் மெதுவாக நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "அப்பறம் எங்க போயிட்டிருந்தே?" என்றார். சத்தமே இல்லாமல்தான் கேட்டார். அவள் கை தொடையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னேன்: "கிளாசுக்குத்தான் போயிருக்கா. ஆள்காட்டி விரல்ல தொடங்கறதும் ஒரு பாடாந்தரம், சில குருமார் வழி. அந்தப் பொண்ணு மெட்ராஸ்ல அப்படிக் கத்துக்கிட்டிருப்பா. எங்க பரீட்சையில ரெண்டையும் ஒத்துக்கறோம்."

அப்படி ஒரு பாடாந்தரம் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

சிவஞானம் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "எந்தப் புஸ்தகத்துல இருக்குது மேடம்?"

"நீங்க படிக்காத புஸ்தகத்துல."

"காலேஜ்ல போன் போட்டுக் கேட்டா இதையே சொல்லுவாங்களா?"

"தாராளமாக் கேளுங்க. என் பேரைச் சொல்லியே கேளுங்க."

அவர் என்னையே பார்த்தார். பொய் சொல்கிறேன் என்று அவர் நினைக்கவில்லை. நான் பொய் சொல்வேன் என்று அவர் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார். எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தார். அந்த முகத்தில் முதலில் ஆச்சரியம், பிறகு இரக்கம். சிவஞானத்தின் இரக்கம்! "சரிங்க மேடம். பெரியவங்க சொன்னா சரிதானுங்க" என்று கணவரிடம் கண்ணைச் சிமிட்டினார்.

கணவருக்கு விரலும் தெரியாது, தாளமும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது யார் ரிட்டயர்டு லெக்சரர் என்பது மட்டும். பாட்டுக்கு, சொல்லி வைத்தபடியே, அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: அடிப்படை அறிவு நன்று, பயிற்சி போதாது, முதல் வகுப்பு. அவர் அதை மாமனாரிடம் நீட்டினார். கிழவர் இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

மிக்ஸி சரியாகிவிட்டது. துவையல் அரைத்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

சபாவின் வாட்ஸ்அப் குழுவில் சிவஞானம் எழுதியிருக்கிறார். என் பெயரைப் போடவில்லை, பெரிய மனசு. 'ஆள்காட்டி விரலில் ஆதி தாளம்: நம் ஊர் மேதையின் புதிய கண்டுபிடிப்பு.' கீழே நாற்பது பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருக்கிறார்கள். அதில் பன்னிரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அதிலும் மூன்று பேருக்கு இன்றுவரை ரூபக தாளம் உருப்படியாகப் போடத் தெரியாது.

ஜூன் 30, திங்கள்

கல்லூரியிலிருந்து போன். புதிதாக வந்திருக்கிற முதல்வர், சின்னப் பெண். "மேடம், இந்த வருஷம் வாய்மொழித் தேர்வுக்கு நீங்க சிரமப்பட வேண்டாம். நல்லா ரெஸ்ட் எடுத்துக்குங்க. சிவஞானம் சார் வர்றேன்னு சொல்லியிருக்கார்" என்றாள். குரலில் தேனைக் குழைத்துத் தடவியிருந்தாள். நோயாளியிடம் பேசுகிற குரல்.

ரெஸ்டாம்! அந்தக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு எப்படி நடத்துவது என்று எழுதி வைத்ததே நான்தான். விரலைப் பற்றி உண்மையை ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நாளைக்கே சிவஞானம் காதுக்குப் போகும், அங்கிருந்து பெருந்துறை ரோட்டுக்குப் போகும். "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

வலித்தது. வலிக்கவில்லை என்று இங்கேயும் எழுதினால் அப்புறம் நான் எங்கேதான் உண்மையைச் சொல்வது.

ஜூலை 3, வியாழன்

ஆப்பிள், மாதுளை, ஒரு தட்டு நிறைய. பின்னாலேயே சுந்தரமூர்த்தி.

"முதல் வகுப்புன்னு நீங்க எழுதிக் குடுத்ததுல எனக்கு ரொம்ப சந்தோசமுங்க. பயிற்சிதான் போதாதுன்னுட்டீங்க. இனி உங்ககிட்டயே அனுப்பறேன். பழையபடி செவ்வா, வெள்ளி. டிரைவர் ராசு இனி கீழயே இருப்பானுங்க, எங்கயும் போக மாட்டான். பாட்டுச் சத்தம் காதுல விழுதான்னு பாத்துக்கச் சொல்லியிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சந்தேகப் பிராணி. இவருக்குக் கழுத்தை நீட்டியவள் பத்துக் கட்டையில் அழுதிருக்க வேண்டும்.

முடியாது என்று சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. ஏழு மணிக்கு மேல் கண் தெரியாது, சர்க்கரை, பக்கத்து வீட்டுக்காரி. ஒன்றையும் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மூன்று மணிக்கு வந்தாள். செருப்பைக் கீழ் வாசலிலேயே, ராசுவின் கண்ணில் படும்படி விட்டுவிட்டு வந்தாள். என் பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, குப்பை எடுக்க வருகிறவன் ஏறும் பின்படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டாள். சந்து முனையில் யாழினி பேசி வைத்த ஆட்டோ நிற்குமாம். ஒன்றே கால் மணி நேரம்.

நான் சுருதிப்பெட்டியைப் போட்டேன். ஆரம்பப் பாடம், சரளி வரிசை. முதலில் டீச்சர் குரலில், அதாவது என் குரலில், ஒரு வரி. பிறகு மாணவி குரலில் அதே வரி, சற்று மெலிந்து, பயந்து. மறுபடி டீச்சர். நடுநடுவே "கவனி! எங்கே பார்க்கிறாய்?" என்று ஒரு அதட்டல். ஆளில்லாத பாயைப் பார்த்து அதட்டுவதற்கும் ஒரு மனசு வேண்டும்.

திரும்பி வந்தவளின் தோளில் குழந்தை கக்கிய பால். கழுவிவிட்டுப் போ என்றேன். "டீச்சர், அது இன்னிக்கு எந்திரிச்சு நின்னுச்சுங், கூடையப் புடிச்சுட்டு" என்றாள். நிற்காமல் என்ன செய்யும், வயசு ஆகிறதே என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

இறங்கிப் போனவள் பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறி வந்தாள். போன வாரம் காரில் போகும்போது ராசு சொன்னானாம்: "ஏனுங்கம்மா, டீச்சர் பாடறதும் நீங்க பாடறதும் எனக்கு ஒண்ணாட்டவே கேக்குதுங். அதுக்குள்ள அவ்வளவு நல்லாப் பாடறீங்?"

நான்தான் காரணம். மாணவி பாடும் இடத்தில் தப்பாகத்தான் பாடினேன். ரிஷபத்தைத் தாழ்த்தினேன், தைவதத்தில் தடுமாறினேன். ஆனால் அடுத்த ஸ்வரத்துக்கு வருவதற்குள் தொண்டை தானாகச் சுருதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அறுபத்துமூன்று வயசில் அதைப் பிடித்து வெளியே இழுப்பது லேசு இல்லை.

அவளைப் போகச் சொல்லிவிட்டு, பாயில் மாணவி உட்காருகிற பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தேன். அவளை நினைத்துக்கொண்டு, காய்ந்த உதடும் பட்டுப்புடவையுமாக, அந்தக் குரலில் முதல் வரியைப் பாடினேன். படு கேவலமாக வந்தது. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி நின்றுவிட்டாள். கீழே ராசு கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

ஆனாலும் மூன்றாவது வரியில் காந்தாரம் சுத்தமாக விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அதையும் கெடுத்தாக வேண்டும். காலையும் மாலையும் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன்.